பூவரசு இலை போன வழி

போன கார்த்திகையில் ஒரு சாயங்காலம். மழை விட்டு, கூரைத் தாழ்வாரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. என் அண்ணன் பேத்தி பாப்பா திண்ணையில் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். சென்னைக் கம்பெனிக்குக் குடவாசலில் இருந்தே வேலை பார்ப்பவள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, ஏதோ சரியில்லை.

"சின்னத் தாத்தா, மாத்திட்டேன், சேவ் பண்ணிட்டேன், எல்லாத்தையும் நிறுத்தித் திரும்ப ஓட விட்டுட்டேன். திரையில பழசுதான் வருது. மூணு நாளா இதே கூத்து."

"மூணு நாளா என்ன பண்ணினே?"

"மாத்தி மாத்திப் பார்த்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிபேஸ் என்ற பழைய தரவுத்தள மென்பொருள் காலத்தில் தொடங்கி முப்பத்தைந்து வருஷம் நானும் இதே கூத்தில் இருந்தவன். வரவில்லை என்றால் இன்னும் அதிகமாக மாற்றுவது. அதுவும் வரவில்லை என்றால் அதைவிட அதிகமாக. கடைசியில் எந்த மாற்றம் எதற்காகச் செய்தோம் என்பதே மறந்துபோகும்.

"அந்தப் பக்கத்து மேல, முதல் வரியில, கொட்டை எழுத்துல 'குடவாசல்'னு அடி. சேவ் பண்ணு. திரையில வருதா பாரு" என்றேன்.

அடித்தாள். வரவில்லை.

"அப்ப நீ மாத்துற ஃபைல அது படிக்கவே இல்ல. வேற எதையோ படிக்குது. எதைன்னு தேடு."

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரே வேலையின் இரண்டு நகல்கள் அவள் கணினியில் இருந்தன. ஒன்றை எப்போதோ பத்திரத்துக்கு எடுத்து வைத்திருக்கிறாள். ஓடிக்கொண்டிருந்தது அந்தப் பத்திர நகல். இவள் மூன்று நாளாகத் திருத்தியது மற்றொன்றை. தலையில் அடித்துக்கொண்டாள். "இது எந்தப் புக்ல இருக்கு சின்னத் தாத்தா?" என்று கேட்டாள்.

புத்தகத்தில் இல்லை. எங்கள் அப்பாவிடம் படித்தது.

எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். முறைத் தண்ணீர் எங்கள் பக்கம் வரவேண்டிய ராத்திரி. மேலே மதகு திறந்தாயிற்று என்று ஆள் வந்து சொல்லிவிட்டான். எங்கள் வயலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மேலே போய் ஷட்டரை இன்னும் தூக்கச் சொல்லுங்கள் என்று சித்தப்பா குதித்தார். அப்பா பேசவில்லை. அரிக்கேன் விளக்கை என் கையில் கொடுத்தார், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு நடந்தார். தண்ணீர் ஓடுகிற இடம் வந்ததும் ஒரு பூவரசு இலையைக் கிள்ளிப் போட்டு, "இது கூடவே நட" என்றார். இலை எங்கள் வயல் பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் போய்ப் பக்கத்து வாய்க்காலில் நுழைந்தது. கரையில் நண்டு வளை ஒன்று பெரிதாகி உடைத்துக்கொண்டிருந்தது. ஷட்டரை இன்னும் இரண்டடி தூக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உடைப்பு இன்னும் இரண்டடி பெரிதாகியிருக்கும், அவ்வளவுதான்.

பாப்பா திரையில் அடித்த 'குடவாசல்' அந்தப் பூவரசு இலைதான். சரியான மாற்றமா, தப்பான மாற்றமா என்பதெல்லாம் பிறகு. முதலில் நாம் போடுவது அங்கே போகிறதா என்று தெரிய வேண்டும். அதற்குக் கண்ணில் குத்துகிற மாதிரி, வேறு எதனோடும் குழம்பாத ஒன்றைப் போட வேண்டும். காற்புள்ளியை அரைப்புள்ளி ஆக்கிவிட்டு வந்ததா என்று பார்ப்பவன் தண்ணீரில் தண்ணீரை ஊற்றிவிட்டுத் தேடுகிறவன்.

வழி நீளமாக இருந்தால் முழுவதும் நடக்கவும் வேண்டாம். நடுவில் போய்ப் பார்க்கலாம். நடுவில் இலை வந்திருந்தால் கோளாறு கீழே, வராவிட்டால் மேலே. பதினாறு மதகு இருந்தாலும் நான்கு தடவை பார்த்தால் போதும். திரையில் அழுத்திய பொத்தான், வழியில் போகும் கோரிக்கை, சர்வரில் ஓடும் நிரல், தரவுத்தளம், திரும்பி வரும் பதில் என்று ஒரு மாற்றத்துக்கும் எத்தனையோ மதகு உண்டு. எங்கள் காலத்தில் நடுவில் ஒரு வரி அச்சடிக்கச் சொல்லிப் பார்ப்போம். இப்போதைய பிள்ளைகளுக்கு இன்னும் நல்ல கருவிகள் இருக்கின்றன. நடக்கிற பொறுமைதான் இல்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

என் பொறுமை எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1990. டெல்டாவில் ஒரு அரிசி ஆலை, பெயர் வேண்டாம். கணினி வாங்கிப் போட்ட புதிது, அதற்கு ஏ.சி. அறை, அந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், கோயில் மாதிரி. டிபேஸில் கணக்கு எழுதிக் கொடுத்தது நான். கணக்கர் ஒரு அம்மா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எடைச் சீட்டுகளைப் பார்த்து ஒவ்வொன்றாக உள்ளே ஏற்றுவார். சம்பா அறுவடை நெருக்கடியில் சீட்டுகள் குவிந்துவிட்டன என்று, வேகமாகப் பதிவதற்கு ஒரு சின்ன நிரலை ஒரு ராத்திரியில் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் அந்த அம்மா 38 சீட்டு ஏற்றினார். மாலையில் பட்டியல் எடுத்தால் ஒன்றுகூட இல்லை. மத்தியானம் இரண்டு தடவை கரண்ட் போயிருந்தது. எனக்கு அது போதும். "சேவ் ஆகறதுக்குள்ள கரண்ட் போயிருக்கும். இல்லாட்டி நீங்க சரியா அழுத்தியிருக்க மாட்டீங்க. திரும்பப் போட்டுடுங்க" என்றேன். உட்கார்ந்து பார்க்கவில்லை. அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணி வரை இருந்து 38 சீட்டையும் பழைய நிரல் வழியாக மறுபடி ஏற்றியிருக்கிறார். பட்டியலில் 38-ம் வந்துவிட்டன. கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மாதக் கடைசியில் மூட்டைக் கணக்கு கிடங்கோடு ஒத்துப்போகவில்லை. கணினி, இருப்பதைவிட நூற்றுக்கணக்கான மூட்டை அதிகம் சொன்னது. முதலாளியின் பார்வை முதலில் போனது யார் மேல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நடந்தது இதுதான். டிபேஸில் தரவு ஒரு கோப்பில் இருக்கும். பெயர் வரிசைக்கான அட்டவணை வேறொரு கோப்பில் இருக்கும். புத்தகமும் அதன் பின்பக்கப் பொருளகராதியும் மாதிரி. புதுப் பதிவு போடும்போது அட்டவணையையும் திறந்து வைத்திருந்தால்தான் அதில் பெயர் ஏறும். நான் அவசரத்தில் எழுதிய நிரலில் அட்டவணையைத் திறக்கும் அந்த ஒரு வரி இல்லை. 38 சீட்டும் புத்தகத்தில் பத்திரமாக இருந்தன. பொருளகராதியில் மட்டும் இல்லை. பட்டியல் அகராதியைப் பார்த்து எடுப்பது, ஆகவே காட்டவில்லை. மாத மொத்தம் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் கூட்டுவது, ஆகவே இரண்டு தடவை போட்டதையும் கூட்டிவிட்டது. அட்டவணையை மறுபடி உருவாக்கச் சொல்லி ஒரு கட்டளை கொடுத்தேன். திரையில் 38 ஜோடி இரட்டைப் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள்.

கரண்ட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முதலாளியிடம், "கம்ப்யூட்டர் பிராப்ளம் சார், சரி பண்ணிட்டேன்" என்றேன். கம்ப்யூட்டர் பிராப்ளம்! இந்த வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட முதல் ஆள் நான் இல்லை. கடைசி ஆளும் இல்லை.

பிரிட்டன் தபால் துறையின் கதை பாப்பாவுக்குத் தெரியாது. அவளுக்குச் சொன்னேன், மற்ற பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். 1999-லிருந்து அங்கே கிளைத் தபால் நிலையங்களுக்கு ஹொரைசன் என்று ஒரு மென்பொருள் வந்தது. ஃபுஜிட்சு நிறுவனத்தினுடையது. கிளையில் பணம் குறைவதாக அது காட்டும். கிளையை நடத்துபவர், நான் எடுக்கவில்லை என்பார். மென்பொருள் சரியாகத்தான் இருக்கிறது என்று மேலே சொல்வார்கள். வருஷக்கணக்கில் இப்படியே போய், 900-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள். நம் நாட்டு வம்சாவளிக்காரர் சீமா மிஸ்ரா, 2010-ல் வயிற்றில் பிள்ளையோடு சிறைக்குப் போனார். அவருடைய தண்டனை 2021-ல்தான் ரத்தானது. மிச்சமிருந்தவர்களுக்காக 2024-ல் நாடாளுமன்றமே சட்டம் போட வேண்டியிருந்தது.

அதில் ஒரு சின்னக் கோளாறு இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. 2015-ல் ஸ்காட்லாந்தில் டால்மெலிங்டன் என்ற ஊரில் 8,000 பவுண்டு வந்துசேர்ந்ததைப் பதிவு செய்கிறார்கள். எண்டர் அழுத்தினால் திரை அசையவில்லை. மறுபடி அழுத்துகிறார்கள். மறுபடியும். திரைதான் அசையவில்லை; உள்ளே ஒவ்வொரு அழுத்தலும் பதிவாகிக்கொண்டிருந்தது. ஒரு தடவை வந்த பணம் நான்கு தடவை வந்ததாகி, கணக்கில் 24,000 பவுண்டு உதைத்தது. என் அரிசி ஆலையின் 38 சீட்டுதான் அது, வேறொரு நாட்டில்.

கண்ணுக்குத் தெரியவில்லை என்பதும் நடக்கவில்லை என்பதும் வேறு வேறு. நம் ஊரில் இதைக் கணினி தெரியாதவர்களே நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டவர், பாஸ்புக்கில் பணம் ஏறவில்லை என்றதும் மறுபடி நெல்லைக் கொண்டுபோய்ப் போடுவதில்லை. வங்கிக்குப் போய் என்ட்ரி போட்டுப் பார்க்கிறார். பாஸ்புக் என்பது போன தடவை பார்த்தபோது இருந்த நிலைமை. பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் நகலும் பாஸ்புக்தான். ஒவ்வொரு தடவையும் தூரத்துச் சர்வரைக் கேட்க நேரமாகும் என்று, நேற்று வாங்கியதைப் பானையில் போட்டு வைத்து இன்றைக்கும் எடுத்துப் பரிமாறும். பழைய சோறு பசிக்கு நல்லதுதான். புதுச் சமையல் ருசி பார்க்க வந்தவனுக்கு அது உதவாது. கன்ட்ரோலும் எஃப்-5ம் சேர்த்து அழுத்தினால் பானையைப் பார்க்காமல் சர்வரையே புதிதாகக் கேட்கும். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பானை வீட்டில் மட்டும் இல்லை. வழியெல்லாம் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஊருக்கு ஊர் நகல் வைத்திருக்கும் இடைச் சர்வர்கள் உண்டு, தரவுத்தளத்துக்கு முன்னாலும் ஒரு பானை வைத்திருப்பார்கள்.

பானையே இல்லாவிட்டாலும் நேரம் பிடிக்கும் விஷயங்கள் உண்டு. 2025-ல் ஜூன் 12 மேட்டூரைத் திறந்தார்கள். கல்லணையைத் திறந்தது 15-ஆம் தேதி. மூன்று நாள் தண்ணீர் ஆற்றில் நடந்து வருகிறது. கல்லணையிலிருந்து பிரிந்து, கிளைத்து, கடைமடைக்குப் போக இன்னும் நாளாகும். 12-ஆம் தேதி சாயங்காலமே சோழசூடாமணி ஆற்றைப் பார்த்து, தண்ணீர் வரவில்லை, மேட்டூரில் திறக்கவில்லை என்று எங்கள் ஊரில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். பெரிய தரவுத்தளங்களில் எழுதுவது ஒரு இடம். அதன் நகல்களில் இருந்து படிப்பது வேறு இடம். எழுதிய கையோடு படித்தால் பழசு வரும். அதற்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கவும் முடியாது. எங்கள் ஊர்க் கோட்டத்துச் சிறையில்தான் சேரமான் கணைக்கால் இரும்பொறை கிடந்தான் என்று சொல்வார்கள். கேட்ட தண்ணீர் காலம் தாழ்ந்து வந்ததால் குடிக்காமலே போனான். எவ்வளவு தாமதம் இயல்பு, எதற்கு மேல் கோளாறு என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மூன்று நாள் என்று தெரிந்தவன்தான் ஐந்தாம் நாள் விசாரிக்கக் கிளம்புவான்.

கடைமடைக்குப் போய்ச் சேராமலே, சேர்ந்துவிட்டது என்று நினைத்து ஒரு கம்பெனி அழிந்த கதையும் உண்டு. அமெரிக்காவில் நைட் கேப்பிடல், பங்கு வாங்கி விற்கும் நிறுவனம். எட்டு சர்வர்களில் புது நிரல் ஏற்ற வேண்டும். ஏழில் ஏற்றினார்கள், ஒன்று விட்டுப்போனது. அந்த ஒன்றில், 2003-லேயே பயன்படுத்துவதை நிறுத்திய பழைய நிரல் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. 2012 ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. என்ன கோளாறு என்று தெரியாத பதற்றத்தில், சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புது நிரலைக் கழற்றினார்கள். இப்போது எட்டும் பைத்தியம்! 45 நிமிஷத்தில் நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். எட்டாவது மதகை யாரும் நடந்துபோய்ப் பார்க்கவில்லை. இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம் வேறு. சந்தை திறக்கும் முன்பே அந்தப் பழைய நிரலின் பெயரோடு 97 எச்சரிக்கை மின்னஞ்சல்களை அவர்களுடைய கணினியே அனுப்பியிருந்தது. யாரும் பொருட்படுத்தவில்லை.

சில நிரல்கள் அந்த எச்சரிக்கையைக்கூட அனுப்பாது. பிழை வந்தால் பிடித்து, ஒன்றும் செய்யாமல் விழுங்கிவிடும்படி எழுதியிருப்பார்கள். திரையில் 'வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது' என்று பச்சையில் வரும். அந்த வரியை எழுதியவன் சேமித்த பிறகு எழுதினானா, சேமிக்கும் முன்பே எழுதினானா என்று ஒரு தடவை நிரலைத் திறந்து பார்த்துவிட வேண்டும். 2007-ல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது இன்னொரு வேடிக்கை. பழைய நிரல்கள் அனுமதியில்லாத இடத்தில் கோப்பை எழுதப் போனால், விஸ்டா தடுக்காது, திட்டாது. அந்தப் பயனருக்கு மட்டும் தனியாக ஒரு மறைவான இடத்தில் எழுதி வைத்துவிடும். ஒரு கடையில் காலையில் ஒரு பெயரில் நுழைந்தவர் போட்ட பில் மாலையில் வேறு பெயரில் நுழைந்தவருக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

தரவுத்தளத்தில் கமிட் என்று ஒன்று உண்டு. அதைக் கொடுக்காத வரை, பத்திரம் எழுதி, கையெழுத்தும் போட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியாமல் பீரோவில் வைத்த மாதிரிதான். எழுதியவர் கண்ணுக்குச் சொத்து மாறிவிட்டது. ஊருக்கு மாறவில்லை. அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு தடவை அடிபட்டால் ஆயுசுக்கும் மறக்காது.

தமிழில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. அதை மற்ற ஊர்க்காரன் சொல்லித் தரமாட்டான். எங்களுக்குப் பக்கத்தில் கொரடாச்சேரி. அதன் முதல் எழுத்தை ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்து யூனிகோடில் எழுதலாம். கொம்பு தனி, கால் தனி என்று பிரித்தும் சேர்க்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. கணினிக்கு அவை இரண்டு வேறு ஊர். ஒருவர் ஒரு விதமாகப் பதிந்ததை மற்றவர் மற்ற விதமாகத் தேடினால், பதிவே இல்லை என்று வரும். காலுக்குப் பதிலாக ரகரத்தை அடிப்பவர்கள் வேறு. ஸ்ரீவாஞ்சியத்தின் ஸ்ரீக்கும் இதே கதி. ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீ, அதற்குப் பின்னால் வந்த ஶகரத்தில் தொடங்கும் ஸ்ரீ என்று இரண்டு, முகத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது. பதியும்போதே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும், தேடும்போதும் மாற்ற வேண்டும். காணோம் என்று ஒருவர் புலம்பினால், கண்ணால் பார்க்காமல் எழுத்தின் எண்ணைப் பாருங்கள்.

இவ்வளவும் பாப்பாவுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் கடைசியில், "அந்த அம்மா என்ன ஆனாங்க?" என்றாள்.

அந்தக் கேள்வியைத்தான் நான் தள்ளிக்கொண்டே வந்தேன்.

அவர் மேல் இருந்த சந்தேகம் தீர்ந்தது. வேலையும் போகவில்லை. ஆனால் நடந்தது என்ன என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. முதலாளியிடம் சொன்ன இரண்டு வார்த்தைதான் அவருக்கும் போயிருக்கும். அடுத்த வருஷம் நான் சென்னைக்குப் போய்விட்டேன். 2004-ல், ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தபோது, திருவாரூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். தலை பாதி நரைத்திருந்தது. அவர்தான் என்னை அடையாளம் கண்டார். பிள்ளைகள், சம்பளம், ஊர் விஷயம் எல்லாம் பேசினோம். பிறகு, ஏதோ நேற்று நடந்தது மாதிரிக் கேட்டார்:

"ஏன் தம்பி, அன்னிக்கு அந்த முப்பத்தெட்டு சீட்டையும் நான் மத்தியானமே போட்டேன்தானே? நானே போடாம போட்டதா நெனச்சுக்கிட்டேனோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

பதினான்கு வருஷம்.

"போட்டீங்கக்கா. நீங்க போட்டது அத்தனையும் இருந்துச்சு. நான் எழுதினதுலதான் ஒரு வரி விட்டுப்போச்சு" என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்பச் சரி" என்றார். கும்பகோணம் வண்டி வந்தது. பையை எடுத்துக்கொண்டு ஏறினார்.